பழைய புடவை, மிதி மிஷின், தீபாவளிக்கு 3 மாதம்: வீட்டிலேயே எதையெல்லாம் செய்யலாம்?

செந்தூல் மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பெண் பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6. போன வருஷம் வரை நானும் வேலைக்குப் போனேன். இப்போது மாமியாருக்கு உடம்பு முடியாததால் வீட்டில்தான், ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது. பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீபாவளி வந்தால் துணி, பலகாரம், திரைச்சீலை, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு என்று கை நழுவிப் போகும் காசு எனக்கே தெரிகிறது.

இந்த வருஷம் முடிந்தவரை வீட்டிலேயே செய்யலாம் என்று இருக்கிறேன். என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மாமியாரின் மிதி மிஷின் ஒன்று இருக்கிறது, பத்து வருஷமாக அதன் மேல் டிவி இருந்தது. அம்மா விட்டுப்போன பட்டுப்புடவை 2, மாமனாரின் வேட்டிகள் ஒரு கட்டு, கிழிந்த டீ-சர்ட்டுகள் ஒரு பை நிறைய. தையல் தெரியும் என்று சொல்ல முடியாது, பள்ளியில் படித்தபோது தலையணை உறை தைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அடுப்பு கேஸ் அடுப்பு, ஓவன் கிடையாது.

பிள்ளைகள் இரண்டு பேரும் பாவாடை சட்டை கேட்கிறார்கள். மஸ்ஜிட் இந்தியா பக்கம் போய் விலை கேட்டுவிட்டு சும்மா வந்துவிட்டேன், இரண்டு பேருக்கும் சேர்த்தால் ஒரு மாத மளிகைக் காசு. அம்மாவின் புடவையை வெட்டலாமா என்று யோசிக்கிறேன், கத்தரியை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது. அப்புறம் ஓவன் இல்லாமல் செய்யக்கூடிய, சாப்பிட வருகிற இருபது முப்பது பேருக்குக் கொடுக்கக்கூடிய இனிப்பு ஏதாவது சொல்லுங்கள். முறுக்கும் நெய் உருண்டையும் வழக்கமாகச் செய்வேன், அதைத் தவிர்த்து.

முக்கியமாக, எதை வீட்டில் செய்வதால் உண்மையிலேயே காசு மிஞ்சும், எதில் மிஞ்சாது என்று செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. யூடியூபில் பார்த்தால் எல்லாமே மிச்சம் என்றுதான் சொல்கிறார்கள்.


ஆயர் ஈத்தாம் அக்கா:

தங்கச்சி, முதலில் புடவை விஷயம். நானும் என் அம்மாவின் புடவையை வெட்டியவள்தான், நாலு வருஷம் பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு. கடைசியில் எடுத்துப் பிரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கீறல் விட்டிருந்தது. பட்டு அப்படித்தான், ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே இழை நைந்துவிடும். வைத்திருந்தால் பத்திரம் என்று நினைத்தது தவறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் வெட்டுகிறாயோ இல்லையோ, இன்றைக்கே இரண்டு புடவையையும் எடுத்துப் பிரித்து வேறு மாதிரி மடித்து வை.

வெட்டுவது என்று முடிவு செய்தால் முந்தானையை வெட்டாதே. அதை முழுசாக எடுத்து ஓரம் அடித்து வைத்துக்கொள், பூஜை அறையில் விரிக்கலாம், நாளைக்குப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கொடுக்கலாம். மீதிப் புடவையிலேயே இரண்டு பாவாடை வரும். கணக்கு சொல்கிறேன். புடவை 5.5 மீட்டர், முந்தானைக்கு 90 சென்டிமீட்டர் போனால் 4.6 மீட்டர். ஆளுக்கு 2.25 மீட்டர் சுற்று. 9 வயதுப் பிள்ளைக்கு இடுப்பு 23 இஞ்ச் இருக்கும் என்று வை, 2.25 மீட்டர் என்பது 88 இஞ்ச், கிட்டத்தட்ட இடுப்பைப் போல நாலு மடங்கு, கொசுவம் நன்றாக நிற்கும். கடையில் விற்கிற பாவாடையில் பலதில் இந்தச் சுற்று கிடையாது, அதனால்தான் பிள்ளை உட்கார்ந்தால் இழுக்கும்.

உயரம் இப்படி எடு: இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்துகொள், பெரியவளுக்கு 27 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். மேலே மடிக்க 2 இஞ்ச். அப்புறம் வளர்ச்சிக்கு 4 இஞ்ச். மொத்தம் 33. கீழே ஜரிகைக் கரையை அப்படியே விட்டுவிட்டு அதிலிருந்து மேல் நோக்கி 33 இஞ்ச் அளந்து வெட்டு. அந்த 4 இஞ்சைக் கரைக்கு மேலே உள்பக்கமாக 2 இஞ்ச் ஆழத்துக்கு ஒரு மடிப்பாக மடித்து, மிஷினில் தையலைப் பெரிதாக வைத்து லேசாக ஓட்டிவிடு. அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் பாவாடை 4 இஞ்ச் வளர்ந்துவிடும். என் பெண் ஒரே பாவாடையை 3 தீபாவளிக்குக் கட்டினாள்.

புடவை அகலம் 45 இஞ்ச் இருக்குமா, 33 போனால் மேல் பக்கம் 12 இஞ்ச் பட்டையாக மிஞ்சும், அதில் இன்னொரு கரையும் இருக்கும். சட்டைக்கு அதுதான். கரையைக் கைக்கு வை, உடம்புக்கு மீதி. சின்னவள் துண்டில் இன்னும் அதிகமாக மிஞ்சும்.

வெட்டுவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், மடிப்புக் கோடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கட்டை விரலாலும் பிடித்து மெதுவாக இழு. இழை பிரிந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடு, அதன் மேல் தைக்காதே. கரையின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார், சாயம் ஒட்டினால் வீட்டில் துவைக்க வேண்டாம். உள்ளே லைனிங் இல்லாமல் பழைய பட்டைத் தைக்கவே கூடாது, அதற்குத்தான் உன் மாமனார் வேட்டி இருக்கிறதே, நல்ல பருத்தி, பல தடவை துவைத்து மெத்தென்று இருக்கும், பிள்ளைக்கு உறுத்தாது.

இன்னொன்று, இடுப்பில் நாடா மட்டும் வைத்தால் 6 வயதுக்காரிக்கு நிற்காது, கோயிலில் ஓடும்போது கழன்று விழும். அதே வேட்டித் துணியில் கை இல்லாத பாடி ஒன்று தைத்து அதோடு பாவாடையைச் சேர்த்துவிடு. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் தைப்பார்கள், இப்போது மறந்துவிட்டார்கள்.

முதலில் பட்டில் கை வைக்காதே. வேட்டியில் ஒரு பாவாடை முழுசாகத் தைத்துப் பார். தப்பு வந்தாலும் உள்பாவாடையாகப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பினாங்கில் 2009-இல் திங்கள்கிழமை மட்டும் கடையில் இலவச பிளாஸ்டிக் பை இல்லை என்று ஆரம்பித்து, 2011-இல் எல்லா நாளும் என்று ஆனபோது நான் அரிசிச் சாக்கிலும் பழைய ஜீன்ஸிலும் பை தைத்துத்தான் மிஷின் பழகினேன். நேர்க்கோடு, மூலை திருப்புவது, கைப்பிடி சேர்ப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். சவுரஸ்தா மார்க்கெட்டுக்கு இன்றைக்கும் அதில் ஒன்றைத்தான் எடுத்துப் போகிறேன்.


கெப்போங் அப்பா:

மல்லி சிஸ்டர், நீங்கள் கடைசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் மனைவியும் ஒரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதினோம்.

எங்கள் நோட்டில் மிஞ்சாதவை: புதுத் துணி வாங்கித் தைத்த டீ-சர்ட், பள்ளிப் பை, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். டீ-சர்ட் துணி இழுபடும், அதற்கு வேறு ஊசி வேண்டும், தைத்து முடித்தால் கடையில் 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைப்பதைவிட அதிகம் ஆகியிருந்தது. பள்ளிப் பைக்கு ஜிப், வார், கொக்கி, கனமான துணி என்று வாங்கி, கடைசியில் தோள் வார் பிய்ந்துவிட்டது. சோப்புக்கு மருந்து வாங்கிக் கலக்கினோம், அதிலும் ஒன்றும் மிஞ்சவில்லை, என் கைத்தோல் உரிந்ததுதான்.

மிஞ்சியவை எல்லாம் ஏற்கெனவே வீட்டில் கிடந்த பொருளில் செய்தவை. டீ-சர்ட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, மூன்று மூன்றாகச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றி ஊசி நூலால் இணைத்தால் கால் மிதி. குளியலறை வாசலுக்கு அதைவிட நல்லது கடையில் கிடைக்காது, தண்ணீரை அப்படி உறிஞ்சும். கறுத்துப்போன வாழைப்பழம், முந்தாநாள் ரொட்டி, ஆரஞ்சுத் தோல், இவையெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஒன்றைச் செய்வதற்காகக் கடைக்குப் போய் ஐந்து சாமான் வாங்க வேண்டும் என்றால் அங்கேயே நின்று ஒரு தடவை யோசியுங்கள்.

ஓவன் இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஆவியில் வேகவைக்கிற கேக் நம் அடுப்புக்குச் சரியாக வரும். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) மானிய விலையில் 26 வெள்ளி 60 சென், முக்கால் மணி நேர ஆவிக்கு அதில் எவ்வளவு போய்விடும்? கோதுமை மாவும் 1 கிலோ பாக்கெட் மானிய மாவாகப் பார்த்து வாங்கினால் 1 வெள்ளி 35 சென்தான், எண்ணெய் பாக்கெட் 2 வெள்ளி 50 சென். இந்த மூன்றையும் வைத்துத்தான் எங்கள் வீட்டில் வாரம் ஒரு கேக்.

வாழைப்பழ கேக்: நன்றாகக் கறுத்த பழம் 4, நடுத்தர அளவு. முள்கரண்டியால் மசியுங்கள், மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும். முட்டை 2, சீனி 150 கிராம், எண்ணெய் 100 மில்லி சேர்த்துக் கையாலேயே கலக்குங்கள். மாவு 250 கிராம், சோடா மாவு 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, மூன்றையும் சலித்துப் போட்டு, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத வரை கலந்தால் போதும், அதற்கு மேல் கிண்டினால் ரப்பர் மாதிரி வரும். முட்டை சேர்க்காதவர்களுக்கு அரைக் கப் கெட்டித் தயிர். 7 இஞ்ச் பாத்திரத்தில் எண்ணெய் தடவி, தண்ணீர் கொதித்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். மூடியைத் துணியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேலே குழி விழும். 40 நிமிஷம் கழித்து ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைச் சொன்னேனே, தீபாவளிக்கு 3 மாதம் இருக்கும்போதே ஆரம்பித்தால் வீடு கழுவ என்சைம் தயார். பழுப்புச் சீனி 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம் ஊற வேண்டும். பிளாஸ்டிக் போத்தல் மட்டும்தான், கண்ணாடி வேண்டவே வேண்டாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திருகிக் காற்றை விட்டுவிடுங்கள். உள்ளே வாயு சேரும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.


செந்தூல் மல்லி:

அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு உடனே பீரோவைத் திறந்தேன். ஒரு புடவை நன்றாக இருக்கிறது, அரக்கு நிறம், பச்சைக் கரை. இன்னொன்றில் நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று இடத்தில் கோடு விட்டிருக்கிறது. நல்ல வேளை இப்போதாவது பார்த்தேன்.

வேட்டித் துணியில் பழகலாம் என்று மிஷினைத் துடைத்து உட்கார்ந்தேன். மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஊசி சில நேரம் நின்றுவிடுகிறது, வார் வழுக்குகிறது என்று நினைக்கிறேன். நூல் அடிப்பக்கம் பந்து மாதிரி சிக்கிக்கொள்கிறது. பாபினை மூன்று தடவை மாற்றிப் போட்டுவிட்டேன். இறுகிக் கிடந்தது என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போகவும் ஆள் வேண்டும். யாருக்காவது மிஷின் தெரியுமா?


பிரிக்பீல்ட்ஸ் கத்தரி:

அம்மா, முதலில் அந்தத் தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மிஷின் இன்னும் இறுகும். நூல் கடையில் மிஷின் எண்ணெய் என்று சின்னப் போத்தல் கிடைக்கும். தேய்கிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, நூல் போடாமல் கொஞ்ச நேரம் வேகமாக மிதியுங்கள், பழைய அழுக்கு கறுப்பாக வெளியே வரும், துடையுங்கள், மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் பத்து வருஷம் கிடந்த மிஷினும் இளகிவிடும். கறுப்பு இரும்பு மிஷின் என்றால் விற்றுவிடாதீர்கள், அதன் உள்ளே உடையக்கூடிய பிளாஸ்டிக் பல்சக்கரம் எதுவும் கிடையாது.

வார் தோல் வார்தானே? நாள்பட நீண்டுவிடும். அரை இஞ்ச் வெட்டிவிட்டு, புது ஓட்டை போட்டு, அந்தக் கம்பிக் கிளிப்பையே மாட்டுங்கள். ஒரேயடியாக அதிகம் வெட்டிவிடாதீர்கள், ரொம்ப இறுகினால் மிதிக்கக் கால் வலிக்கும்.

இப்போது நூல் பந்து. 31 வருஷமாகத் தைக்கிறேன், புதிதாகப் பழக வருகிறவர்கள் எல்லாரும் அடிப்பக்கம் சிக்கினால் பாபினைத்தான் நோண்டுவார்கள். தவறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். மேலே இரண்டு வட்டத் தகடு ஒட்டினாற்போல இருக்கிறதே, அதற்கு நடுவில் நூல் உட்கார வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால்தான் அந்தத் தகடு விரிந்து நூலை உள்ளே விடும். ஃபுட் இறங்கியிருந்தால் நூல் வெளியிலேயே நிற்கும், இறுக்கம் இருக்காது, கீழே போய்ப் பந்து கட்டும். முழுசாகப் பிரித்துவிட்டு ஃபுட்டைத் தூக்கி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள்.

ஊசியைப் புதிதாக மாற்றுங்கள், வேட்டிக்கு 14 நம்பர், பட்டுக்கு 11. வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். கடைசியாக நூல் நுழைகிற கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் தட்டை வர வேண்டும். ஊசித் தட்டைக் கழற்றி அடியில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். கைச் சக்கரம் எப்போதும் உங்கள் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். மிதி மிஷினில் ஆரம்பத்தில் பின்னால் சுற்றிவிடும், உடனே நூல் அறுந்துவிடும். நூல் போடாமல், துணி வைக்காமல், வெறும் மிதியை மட்டும் ஒரு நாள் பழகுங்கள். காலுக்கு அது வந்துவிட்டால் கை தானாக வரும்.

மேலே அந்த அக்கா சொன்ன பாவாடைக் கணக்கு சரியான கணக்கு. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், பழைய பட்டில் தையலை ரொம்பப் பொடியாக வைக்காதீர்கள். நெருக்கமாக ஓட்டை விழுந்தால் அந்த வரிசையிலேயே கிழியும். அப்புறம் மிஷின் கைக்கு வந்தபிறகு பள்ளிச் சீருடையையும் பாருங்கள். பெரியவளின் நீல பினஃபோர் கீழ் மடிப்பில் 2 இஞ்ச் துணி இருக்கும், பிரித்து இறக்கினால் இன்னொரு வருஷம் ஓடும். பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரியும், வினிகர் 1 பங்கு தண்ணீர் 2 பங்கு கலந்து நனைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி வையுங்கள். மடிப்பு போய்விடும், வெளுத்த நிறம் மட்டும் கொஞ்சம் நிற்கும்.


ஜெலுத்தோங் டீச்சர்:

மல்லி அக்கா, இனிப்புக்கு யாரும் அகர் அகர் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் பாலர் பள்ளியில் இருக்கிறேன், 40 பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்வேன். கடற்பாசியில் செய்வது என்பதால் சைவக்காரர்களும் சாப்பிடலாம், முஸ்லிம் நண்பர்கள் வந்தாலும் யோசிக்காமல் கொடுக்கலாம், ஜெலட்டின் என்றால் எதிலிருந்து எடுத்தது என்று கேட்பார்கள். நம் வெயிலுக்கும் இதுதான் சரி. ஒரு தடவை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை சூடு ஏறினால்தான் உருகும், அதனால் மேசையில் மூன்று மணி நேரம் இருந்தாலும் அப்படியே நிற்கும்.

10 கிராம் தூளுக்கு 1.2 லிட்டர் தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே தூளைக் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். கொதித்து இரண்டு நிமிஷம் ஆன பிறகுதான் சீனி. எலுமிச்சை, அன்னாசி மாதிரி புளிப்பு சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு, புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுகாது.

இரண்டு அடுக்காகச் செய்தால் பார்க்க அழகாக இருக்கும். கீழே குலா மலாக்கா (பனைவெல்லம் மாதிரி), மேலே தேங்காய்ப்பால். இதில் எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கீழ் அடுக்கு முழுசாக இறுகிக் குளிர்ந்த பிறகு மேல் அடுக்கை ஊற்றினால், வெட்டும்போது இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரல் உள்ளே போகக்கூடாது, அந்த நேரத்தில் மேல் அடுக்கைச் சூடாகவே ஒரு கரண்டி மேல் விட்டு மெதுவாக ஊற்றுங்கள். தவறிப்போய் ரொம்ப இறுகிவிட்டால் முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம். தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்பு போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு நாக்கில் நிற்கும். தேங்காய் விலை ஏறியதிலிருந்து நான் தேங்காய்ப்பால் அடுக்கை மெல்லிசாகத்தான் ஊற்றுகிறேன், ருசியில் குறை தெரியவில்லை.

உங்களிடம் இடியாப்ப அச்சு இருக்குமே, அதில் செண்டோல், அதுதான் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டி நூலாக இருக்குமே, அதைப் பிழியலாம் தெரியுமா? கடையில் தெப்போங் ஹூன் குவே என்று கேளுங்கள், பாசிப்பயறு ஸ்டார்ச் அது. அதில் 60 கிராம், அரிசி மாவு 40 கிராம், வாசனைக்குப் போடுகிற பண்டான் இலை அரைத்து வடிகட்டிய தண்ணீர் 600 மில்லி, துளி உப்பு. கிண்டிக்கொண்டே இருந்தால் முதலில் பால் மாதிரி இருப்பது திடீரென்று கெட்டியாகும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், கண்ணாடி மாதிரி மினுங்குகிற வரை இன்னும் கிண்டுங்கள். சூடாக இருக்கும்போதே பெரிய ஓட்டை உள்ள அச்சில் போட்டு ஐஸ் தண்ணீருக்குள் நேராகப் பிழியுங்கள். முறுக்கு சுடும் கைக்கு இது ஒன்றுமே இல்லை. அதன் மேல் குலா மலாக்கா பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றினால் வருகிறவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் இதை அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும், குளிர்ப்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் விறைத்துவிடும்.

எங்கள் வீட்டில் அதற்கும் நேரம் இல்லாத நாளில் சவ்வரிசிதான். பொடிச் சவ்வரிசியை ஊறவைக்காமல் நிறைய கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நடுவில் புள்ளி மாதிரி வெள்ளை தெரியும்போது அணைத்து மூடிவிடுங்கள், 10 நிமிஷத்தில் அந்தப் புள்ளியும் போய்விடும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அதே பாகு, அதே தேங்காய்ப்பால்.


ஆயர் ஈத்தாம் அக்கா:

டீச்சர், செண்டோலில் துளி சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புதான், தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீர் மட்டும் ஒரு தேக்கரண்டி. கடிக்கும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்கும், என் மாமியார் சொல்லிக் கொடுத்தது.


செந்தூல் மல்லி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வருவதிலேயே நேரம் போய்விட்டது.

மிஷின் ஓடுகிறது. அண்ணே, நீங்கள் சொன்னதுதான், நான் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருக்கிறேன். தூக்கி வைத்துக் கோத்ததும் அன்றைக்கே பந்து நின்றுவிட்டது. வாரை அரை இஞ்ச் வெட்டினேன். மாமியார் கட்டிலில் படுத்தபடியே சத்தத்தை வைத்து, வேகமாக மிதிக்காதே, இப்போது எண்ணெய் விடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரொம்ப நாள் கழித்து அவர் இவ்வளவு பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

வேட்டியில் தைத்த முதல் பாவாடையில் கொசுவம் ஒரு பக்கமாகப் போய்விட்டது, பிரித்து மறுபடி தைத்தேன். இரண்டாவது சரியாக வந்தது. கால் மிதி 3 முடித்துவிட்டேன், ஒன்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு, அவர் பதிலுக்கு ஒரு கட்டு பண்டான் இலை கொடுத்தார், அதை வைத்து அகர் அகர் செய்தேன். டீச்சர், அடுக்கு கழலவில்லை. வாழைப்பழ கேக் இதுவரை 4 தடவை, மூடிக்குத் துணி கட்டுவதை ஒரு தடவை மறந்து நீங்கள் சொன்ன குழி விழுந்தது கெப்போங் அண்ணே.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அரக்குப் புடவையை வெட்டினேன். பெரியவள் கரையைப் பிடித்துக்கொண்டாள், சின்னவள் இஞ்ச் டேப்பைப் பிடித்தாள். முந்தானையைத் தனியாக எடுத்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். பெரியவள் பாவாடை முடிந்தது, 4 இஞ்ச் மடிப்பும் வைத்தாயிற்று, இப்போது சட்டையில் நிற்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். சட்டைக்குப் பின்பக்கம் கொக்கி வைப்பதா, அழுத்துகிற பட்டன் வைப்பதா? பிள்ளை தானே கழற்ற அழுத்துப் பட்டன் சுலபம் என்று தோன்றுகிறது.


ஆயர் ஈத்தாம் அக்கா:

கொக்கி வை தங்கச்சி. அழுத்துப் பட்டனைப் பிள்ளை பிடித்து இழுத்துத்தான் கழற்றும், பழைய பட்டு அந்த இழுப்பைத் தாங்காது, பட்டன் துணியோடு வந்துவிடும். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு இஞ்ச் அகலத்துக்கு வேட்டித் துணியில் பட்டி வைத்து, அதன் மேல் கொக்கியைத் தை, அப்போது இழுப்பு பட்டுக்கு வராது. கொக்கிக்கு எதிரே இரும்பு வளையம் வேண்டாம், நூலிலேயே வளையம் கட்டு, உறுத்தாது.